ஒரு மணி நேரம்தானே!



சித்தூர், திருப்பதி பக்கம் இப்போது பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது ஹைதராபாத்தில் இருக்கிறது. சீமந்தம், கிரகப்பிரவேசம் என்று அழைப்பு வந்தால் போதும். "ரேணிகுண்டாவில் ஃபிளைட் ஏறினால் ஒரு மணி நேரம்தானேம்மா" என்று டிக்கெட்டைப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சித்தூரிலிருந்து ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு காரில் இரண்டு மணி நேரம் ஆகும். பெட்டி போடும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுவார்கள் என்பதால் இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருக்கவேண்டும். வானத்தில் ஒன்றேகால் மணி. ஹைதராபாத் விமான நிலையம் இருக்கும் ஷம்ஷாபாத்தில் இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து, செகந்திராபாத் போய்ச் சேர இன்னொரு இரண்டு மணி. ஆக, ஏழு மணி நேரத்துக்கு மேல்! 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் ரயில் திருப்பதியிலிருந்து சுமார் எட்டேகால் மணி நேரத்தில் செகந்திராபாத் போய்விடுகிறது. சித்தூரிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் நேரத்தைச் சேர்த்தாலும் வித்தியாசம் மூன்று மணிதான்.

விமானத்தில் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. முழங்கால் வலியோடு எட்டு மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. என்ன நடக்கும் என்று தெரிந்து போனால் பதற்றம் இருக்காது.

இந்த மாதிரித் தடங்களில் பெரும்பாலும் ஏடிஆர் 72 என்ற சின்ன விமானம்தான். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட். பின்பக்கக் கதவு வழியாகப் படியேறவேண்டும். இறக்கைக்கு முன்னால் காற்றாடி சுற்றுவதைப் பார்த்து "பழைய வண்டியோ?" என்று பயப்படாதீர்கள், அதன் அமைப்பே அப்படித்தான். பெரிய ஜெட் 35,000 அடியில் பறந்தால் இது 25,000 அடிக்கு மேல் போகாது. மழைக்காலத்தில் மேகத்துக்குள்ளேயே போகவேண்டியிருப்பதால் குலுக்கல் கொஞ்சம் அதிகம். மேலே சாமான் வைக்கும் இடமும் சிறியது. இன்னொன்று, மகளுக்கென்று ஆசையாக எடுத்துப்போகும் ஆவக்காய் பாட்டில் கைப்பையில் இருந்தால் செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள். கொப்பரையை எந்தப் பெட்டியிலும் வைக்கக்கூடாது. லட்டுவுக்குத் தடையில்லை!

சரி, தாமதம்? ஒரே விமானம்தான் காலையிலிருந்து இரவு வரை நான்கைந்து ஊர் சுற்றுகிறது. காலையில் எங்கோ பனிமூட்டத்தில் இருபது நிமிடம் போனால், மாலையில் நம் ஊருக்கு வரும்போது அது ஒரு மணி நேரமாகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறங்க முடியாமல் திரும்பிப் போவதும் உண்டு. 2025 டிசம்பரில் பைலட்டுகளின் ஓய்வு நேர விதிகளால் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரம் விமானங்களுக்கு மேல் ரத்து செய்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இந்தத் தூரத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமானால் சிற்றுண்டி தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும் என்பது வேறு விஷயம். மழையால் விமானம் ரத்தானால் இழப்பீட்டுப் பணம் கிடையாது.

ஆனால் முகூர்த்தத்தை யார் திருப்பித் தருவார்கள்? ஹைதராபாத்திலிருந்து வரும் உறவினர்கள் காலை விமானம், மதியம் திருமலையில் 300 ரூபாய் தரிசனம் என்று திட்டம் போடுகிறார்கள். விமானம் தாமதமானது என்பதற்காக தேவஸ்தானம் டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றித் தராது. முதல் நாளே வந்து தங்கச் சொல்லுங்கள். நீங்கள் போவதென்றாலும் அப்படித்தான், அதுவும் அன்றைய முதல் விமானமாகப் பாருங்கள். கடைசி விமானம் ரத்தானால் அன்றைக்கு வேறு வழியில்லை.

டிக்கெட் போடும் பிள்ளையிடம் இன்று ஒன்று சொல்லிவைத்துவிடுங்கள். தாமதம் பற்றிய எஸ்எம்எஸ் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும் அவன் போனுக்குப் போய் என்ன பயன்? பயணம் செய்யப்போவது நீங்கள், உங்கள் நம்பரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்