எந்த எஸ்டேட்டில் நடந்த கொலை?

பரீட்சை முடிந்து பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் எங்கள் வீட்டில் பழைய பெயர்தான். கையில் ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவல் இருந்தது.

“என்னம்மா கதை?” என்று பாட்டி கேட்டார்.

“எஸ்டேட்டுல நடக்குற ஒரு கொலை, பாட்டி.”

“எந்த எஸ்டேட்டு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆங்கிலக் கதையில் எஸ்டேட் என்றால் பால்மரமும் லயமும் இல்லை. புல்வெளி சூழ்ந்த பெரிய மாளிகை, மாலைத் தேநீர், பணக்கார விருந்தாளிகள். ஒருநாள் காலையில் நூலக அறையில் ஒருவர் செத்துக் கிடப்பார். வீட்டில் இருக்கும் எல்லார் மீதும் சந்தேகம். கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் அனைவரையும் கூடத்தில் உட்கார வைத்து, கொலையாளி யார் என்று சொல்லிவிடுவார்.

“பெரட்டுக்கு நிக்க வெச்ச மாதிரியா?” என்றார் பாட்டி. ஆமாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “ஒரு ஆளு செத்ததுக்கு அத்தன பேரையும் விசாரிச்சாங்களா? எங்கப்பா செத்ததுக்கு ஒருத்தரும் வந்து கேக்கலயே.”

பாட்டியின் அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம் இரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். திரும்பவில்லை. என்று, எங்கே, எப்படி இறந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு அந்த நாவலை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. துப்பறியும் கதைகளை வெறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சுஜாதாவின் கணேஷ் - வசந்த் கதைகளில் தொடங்கி அகதா கிறிஸ்டிக்கு வந்தவள் நான். கிறிஸ்டியின் முதல் நாவல் 1920இல் வெளிவந்தது. அதுவும் இப்படியொரு மாளிகைக் கொலைதான். முதல் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் மடிந்த பிறகு, ஒரு சாவுக்காவது காரணம் கண்டுபிடிக்கப்படும் என்ற ஆறுதல் அன்றைய வாசகர்களுக்குத் தேவைப்பட்டிருக்கும். இக்கதைகளின் அடிப்படை விதியும் அதுதான்: செத்தவர் யாராக இருந்தாலும், ஏன் செத்தார் என்று ஒருவர் கேட்டே ஆக வேண்டும்.

அந்த விதி நம் வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்ததா?

1949இல் கிறிஸ்டியின் ‘குரூக்கட் ஹவுஸ்’ வெளிவந்தது. ஒரு பணக்காரக் கிழவரைக் கொன்றது யார் என்பதுதான் முழு நாவலும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1948 டிசம்பர் 11, 12ஆம் நாள்களில், உலு சிலாங்கூரின் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. சுட்டவர்கள் பிரிட்டிஷ் இராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர். இறந்தவர்கள் ஆயுதம் இல்லாத சீனத் தொழிலாளர்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தனியே பிரித்து லாரியில் ஏற்றினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். தப்பி ஓட முயன்றதால் சுட்டோம் என்பது அதிகாரப்பூர்வ விளக்கம்.

இதில் கொலையாளி யார் என்ற மர்மமே இல்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்பதுதான் கதை. 1970இல் அந்தப் படையைச் சேர்ந்த சிலரே உண்மை வேறு என்று ஒரு பிரிட்டிஷ் செய்தித்தாளிடம் சொன்னார்கள். தொடங்கிய போலீஸ் விசாரணை, அங்கே ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது. இறந்தவர்களின் குடும்பத்தார் விடவில்லை. லண்டன் நீதிமன்றம் வரை போனார்கள். வேண்டுமென்றே கொன்றதற்கு ஆதாரம் இருக்கிறது என்று 2012 தீர்ப்பிலேயே எழுதப்பட்டது. ஆனாலும், பொது விசாரணை நடத்தும் சட்டக் கடமை அரசுக்கு இல்லை என்று 2015 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சம்பவத்தை நேரில் கண்ட தாம் யோங் என்ற மூதாட்டி, அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

அவர்கள் சீனர்கள், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள் என்பதில் அவர்களுக்கும் நம் தாத்தா பாட்டிகளுக்கும் என்ன வேறுபாடு? சயாம் இரயில் பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அதே பாதையில் மாண்ட தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

துப்பறியும் கதைகள் ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றுகின்றன என்பது என் கருத்து. எங்கிருந்தோ ஒரு புத்திசாலி வருவார், உண்மை தானே வெளிவரும் என்று நம்மைப் பழக்கிவிடுகின்றன. பத்தாங் காலிக்கு அப்படி யாரும் வரவில்லை. விதவைகளும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் கேட்டார்கள். வழக்கில் தோற்றார்கள், ஆனால் அவர்கள் கேட்டதால்தான் அந்த 24 பேரைப் பற்றி இன்று நான் எழுத முடிகிறது.

அன்று மாலை கைப்பேசியில் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்தேன். அவருடைய அப்பாவின் முழுப் பெயர், தமிழ்நாட்டில் அவர் பிறந்த ஊர், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், லாரியில் கூடப் போனவர்கள் யார் யார் என்பதெல்லாம் பாட்டிக்கு நினைவிருக்கிறது. எழுதினால் இரண்டு பக்கம்கூட வரவில்லை. எங்கள் குடும்பத்தில் இதுவரை இந்த இரண்டு பக்கமும் இல்லை.

தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாக மாறுகின்றன. சாட்சிகளுக்கும் வயதாகிவிட்டது, என் பாட்டிக்கு 87. நண்பர்களே, இந்த விடுமுறையில் துப்பறியும் நாவல் தாராளமாகப் படியுங்கள். அதை மூடி வைத்த பிறகு, வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து ஒரு கேள்வியாவது கேளுங்கள். சொல்வதை அவர்கள் கண்முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.