பகல் டிஸ்கோவுக்குக் கைக்குழந்தை: பிரச்சினை நேரமா, சத்தமா?

பெற்றோர் குழந்தைகளோடு ஆடும் பகல் டிஸ்கோ, லண்டனில் 'பிக் ஃபிஷ் லிட்டில் ஃபிஷ்' என்ற பெயரில் 2013 முதல் நடக்கிறது. திருவனந்தபுரத்தில் ஓணம் வாரத்துக் கனகக்குன்னு இசைமேடை முன்னாலும் கைக்குழந்தைகளைப் பார்க்கலாம். 'பகல்தானே, பரவாயில்ல' என்று நினைக்கலாம். ஆனால், காதுக்குப் பகல், இரவு தெரியாது.

ஹெட்ஃபோன் கருவிகளுக்கான உலக சுகாதார நிறுவனத் தரத்தில் குழந்தைகளுக்கான அளவு: 75 டெசிபல், வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 90 டெசிபலுக்கு வாரத்துக்கே 75 நிமிடம். 99 என்றால் வெறும் 9.

சட்டம் காப்பாற்றாதா? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பொது இடத்தின் எல்லையில்தான் ஸ்பீக்கர் சத்தத்தை அளக்கின்றன, உச்சவரம்பு 75. பாதுகாப்பு பக்கத்து வீட்டுக்கு, உள்ளே இருக்கும் பாப்பாவுக்கு இல்லை.

ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்க. பஞ்சு போதாது, இயர்மஃப் போடுங்க. பக்கத்தில் இருப்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால், கிளம்பிடுங்க.