இருபத்தைந்து வயது முழங்காலும் வலிக்கும்

மூட்டு வலி என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருபவர் பாட்டிதான். கணக்குகளும் அதற்கு இசைவாகவே உள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-இல் உலகெங்கும் 52.8 கோடி பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அவர்களுள் 73 விழுக்காட்டினர் 55 வயதைக் கடந்தவர்கள், 60 விழுக்காட்டினர் பெண்கள். மிகுதியாகத் தேய்வது முழங்கால். இடுப்பு மூட்டு அதற்குப் பின்னரே. கணுக்காலில் தேய்மானம் குறைவு. வந்தால் பெரும்பாலும் பழைய காயத்தின் தொடர்ச்சியாக இருக்கும். நம் நாட்டில் ஐந்து இடங்களில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேரிடம் முழங்கால் தேய்மானத்தைக் கண்டது.

ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை வாழும் மக்களை இக்கணக்கு முழுமையாகக் காட்டாது என்பது எங்கள் கருத்து. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க இடமுண்டு. நாற்பது வயதில் தொடங்கும் ஆய்வு இத்தகைய இளையோரின் கதவைத் தட்டுவதில்லை. தொழிற்சாலை வாயிலில் நின்று எண்ணினாலும் உண்மை கிடைக்காது. வலி தாங்காதவர் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார். எண்ணுவதற்கு எஞ்சி நிற்பவர் தாக்குப்பிடித்தவர் மட்டுமே.

தேய்மானத்தை எண்ணுவது வேறு, வலியை எண்ணுவது வேறு. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். குருத்தெலும்பையோ தசைநாரையோ நேரடியாகக் காட்டாது. எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்யும் பெண்ணின் எக்ஸ்ரேயில் குறையில்லை என்று சொன்னவுடன், உடன் வந்த உறவினர் முகத்தில் ஓர் ஐயம் தோன்றுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். வேலைக்குப் போக மனமில்லாமல் சொல்கிறாளோ என்னும் ஐயம் அது. படம் தெளிவாக இருப்பது நல்ல செய்தி. வலி பொய் என்பதற்கு அது சான்றன்று.

புனேக்கு அருகிலுள்ள பிக்வான் கிராமத்தில் 1996-இல் மருத்துவர் அரவிந்த் சோப்ரா குழுவினர் வீடு வீடாகச் சென்று, முதலில் வலி உண்டா என்று கேட்டனர்; பரிசோதனை அதன் பிறகே. நம் பகுதியின் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் அத்தகைய கணக்கெடுப்பு நடைபெற வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு: இருக்கை. நின்று வேலை செய்வோர் இடையில் அமர்ந்து ஓய்வெடுக்க வசதி வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவிலேயே எழுதப்பட்டது. கடை ஊழியர்களுக்காகத் தமிழ்நாடு 2021-இல் தனியே சட்டத் திருத்தம் செய்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஒரு முக்காலிக்காக வாதாட வேண்டியிருப்பது வியப்புத்தான்.

உழைப்பால் வரும் வலி பெரும்பாலும் ஓய்விலும் தொடைத்தசைப் பயிற்சியிலும் தணியும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ காலம் தாழ்த்தாமல் வாருங்கள். கால் ஊன்றும்போது தொடை இடுக்கில் வலித்தால் அது இடுப்பு மூட்டின் குரலாக இருக்கலாம். பெயரில்லாப் பொட்டலத்தில் தரப்படும் வலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். தொடர்ந்து உட்கொண்டால் தொடை எலும்பின் பந்து முனைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குன்றி, இளம் வயதிலேயே மூட்டு சிதையலாம். ஆகவே வரும்போது இதுவரை உட்கொண்ட மாத்திரைகளையும், இயன்றால் வேலைக்கு அணியும் காலணியையும் உடன் கொண்டு வாருங்கள்.