மாணவனுக்குச் சேதி, தொழிலாளிக்குப் போனஸ்!

2019 ஏப்ரலில், அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஒரே ஒரு மாணவருக்குத் தட்டம்மை கண்டது. நம் கிராமங்களில் மணல்வாரி என்கிறோமே, அதுதான். நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை அந்தக் கிருமி தங்கும். அந்த மாணவரோ ஏப்ரல் 2, 4, 9 தேதிகளில் வகுப்புக்கு வந்திருந்தார்.

நிர்வாகம் என்ன செய்தது? எந்தத் தேதியில், எந்தக் கட்டிடத்தில் என்று பகிரங்கமாக அறிவித்தது. அவரோடு ஒரே இடத்தில் இருந்திருக்கக்கூடிய 500-க்கு மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சேதி சொன்னது. உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டென்று அத்தாட்சி காட்ட முடியாத நூற்றுக்கு மேற்பட்டோரைத் தனித்திருக்கச் செய்தது. நோயாளியின் பெயரை வெளியிடவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. குறை இல்லாமல் இல்லை. அந்தச் சேதி சர்வகலாசாலைக்கு எட்டியதே ஏப்ரல் 22-ந் தேதிதான். என்றாலும் செய்தது சரியான காரியம்.

ஆனால் தோழர்களே, அதே நாட்டில் அடுத்த ஆண்டே நடந்ததைப் பாருங்கள்!

தெற்கு டகோட்டா மாநிலம், சூ ஃபால்ஸ் நகரில் ஸ்மித்ஃபீல்டு கம்பெனியின் பன்றி இறைச்சி ஆலை. ஏறத்தாழ 3,700 தொழிலாளர்கள் தோளோடு தோள் உரச நின்று வெட்டுகிற இடம். 2020 மார்ச் கடைசியில் அங்கே ஒரு தொழிலாளிக்குக் கொரோனா கண்ட விஷயம், உள்ளூர்ப் பத்திரிகை விசாரித்த பிறகே ஊருக்குத் தெரிந்தது. ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒரு ஷிப்டுகூடத் தவறாமல் வருவோருக்கு 500 டாலர் போனஸ் என்று கம்பெனி ஆசை காட்டியது. அதற்கு வைத்த பெயர் 'பொறுப்புணர்ச்சி போனஸ்'! நோயால் வராதவர்களுக்கும் உண்டு என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்கள். நாற்பது மொழி பேசுவோர் வேலை செய்யும் ஆலையில், பல மொழிகளில் தகவல் கொடுங்கள் என்று அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு நிபுணர்கள் வந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? நூறு மாணவர்கள் வகுப்புக்கு வராவிட்டால் யாருடைய லாபமும் குறைவதில்லை. நூறு தொழிலாளர்கள் வராவிட்டால் உற்பத்தி நின்றுபோகும். ரகசியம் அவ்வளவுதான்.

சேதி சொன்னால் மட்டும் போதுமா? மாணவன் பத்து நாள் அறையில் இருந்தால் பாடம்தான் போகும். கூலியை வெட்டிவிட்டு 'வீட்டில் இரு' என்றால் எந்தக் கூலிக்காரன் தன் காய்ச்சலை வெளியே சொல்வான்? பஞ்சாலையிலும் சரி, நடவு வயலிலும் சரி, நோய் பற்றிய அறிவிப்பும் சம்பளத்தோடு லீவும் சேர்ந்தே வர வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

சூ ஃபால்ஸ் ஆலையில் 1,294 தொழிலாளர்களுக்கு நோய் கண்டது. நான்கு பேர் இறந்தனர். அரசாங்கம் விதித்த அபராதம் 13,494 டாலர். சட்டத்தில் அதற்குமேல் இடமில்லையாம். நோயுற்றவர் தலைக்குப் பத்து டாலர் சொச்சம். அதையும் எதிர்த்து வழக்காடிவிட்டு, 2021 நவம்பரில்தான் கம்பெனி கட்ட ஒப்புக்கொண்டது.