கண்ணை மூடினாலும் ஒளி

கட்டைபறிச்சானில் இருட்டிய பின் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், சில நாட்களில் ஒரு வெள்ளைப் புள்ளி சத்தமின்றி வானத்தைக் கடந்து போகும். நட்சத்திரமல்ல, மனிதர் தங்கியிருக்கும் விண்வெளி நிலையம். அங்கிருப்போர் எல்லோரும் விரும்பியே நாள் கழிக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2024 ஜூனில் சுமார் 8 நாள் பயணமென்று போன சுனிதா வில்லியம்ஸ், கலத்தில் ஏற்பட்ட கோளாறினால் 286 நாட்களுக்குப் பிறகே திரும்பினார்.

விண்வெளியில் இருட்டில் கண்ணை மூடினாலும் உள்ளே 'பளிச்' என்று ஒளி வெட்டுமாம். ஜின்னுமில்லை, பேயுமில்லை! 1969இல் சந்திரனுக்குப் போன ஆல்ட்ரின் இதைச் சொன்னார். அண்டவெளிக் கதிர்கள் கண்ணை ஊடுருவுவதே காரணம்.

மனம் படும் பாட்டுக்கு இப்படி ஒற்றைக் காரணம் கிடைப்பதில்லை. 1982இல் சல்யூட்-7 நிலையத்தில் 211 நாட்கள் இருந்த சோவியத் வீரர் லெபெதேவ், தன் சலிப்பையும் எரிச்சலையும் ஒளிக்காமல் நாட்குறிப்பில் எழுதினார். வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போன நம் பெண்களோ தொலைபேசியில் "நல்லா இருக்கேன்" என்று மட்டுமே சொல்கிறார்கள். நாமும் அத்தோடு விட்டுவிடுகிறோம்!

லெபெதேவுக்கு ஆறுதலாக இருந்தவை செடிகள். கடுகு இனத்துச் சிறு செடியொன்று அந்தப் பயணத்தில்தான் முதன்முதலாக விண்வெளியில் பூத்து விதை தந்தது.