92ஆம் நாளுக்கு யார் பொறுப்பு?

"முப்பது போயிருச்சுன்னு எழுதிட்டாங்க. மீதி எழுபதை வச்சுத் தொட்டி தூக்கலாம்னு சொல்றாங்களா கண்ணு?"

மருத்துவக் குழுவிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பேருந்தில் பெரியம்மா என்னிடம் கேட்டது இது. அவருடைய முதுகுத்தண்டுப் பாதிப்புக்கு 30 விழுக்காடு என்று குறித்திருந்தார்கள். அரசின் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 40 வேண்டும். பத்து போதவில்லை. அதாவது, அவர் போதுமான அளவுக்கு உடையவில்லை.

பெரியம்மா மேற்கு மாவட்டத்து நகராட்சி ஒன்றில் பதினேழு ஆண்டுகள் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். நாங்கள் அருந்ததியர். இதை நான் சொல்வதற்கு முன்பே நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஊகிக்க முடிகிறது என்பதுதான் விஷயமே.

2023 பிப்ரவரியில் ஒரு காலை, ஐந்தரை மணி. மார்க்கெட் வாசலில் இருக்கும் இரும்புக் குப்பைத்தொட்டி. அழுகிய காய்கறியும் தண்ணீரும் சேர்ந்தால் அது என்ன எடை இருக்கும் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். லாரியில் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் இயந்திரம் பழுதாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். பெரியம்மாவின் இடுப்பில் 'சடக்' என்று ஒரு சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி ஓர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். கூடவே ஓர் ஆலோசனையும் கொடுத்தார்: "வேலை செய்யறப்ப ஆச்சுன்னு சொல்லாதீங்க. கம்பெனிக்காரன் ஆளை நிறுத்திருவான். சும்மா இடுப்பு வலின்னு சொல்லுங்க."

பெரியம்மா அப்படியே சொன்னார். சீட்டில் அப்படியே ஏறியது. அந்த இரண்டு சொற்களின் விலை என்னவென்று எங்களுக்குப் புரிய ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் நம் கூலியில் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள். வேலை கொடுப்பவர் 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். இந்தப் பணத்திலிருந்து உடல் முடியாமல் போகும் தொழிலாளிக்கு இரண்டு வழிகளில் காசு வருகிறது. ஒன்று, நோய்க்கால உதவி. கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். இன்னொன்று, பணியிடக் காயத்துக்கான உதவி. அது கூலியில் 90 விழுக்காடு. அதற்கு நாள் வரம்பு கிடையாது. வேலைக்குத் திரும்ப முடியாத காலம் முழுவதும் வரும். அதற்குப் பிறகும் உடம்பில் பாதிப்பு தங்கிவிட்டால், இ.எஸ்.ஐ.யின் மருத்துவக் குழு சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு இழப்பு என்று விழுக்காட்டில் சொல்லும். அந்த அளவுக்கு வாழ்நாள் முழுக்க மாதாமாதம் பணம் வரும்.

கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பெரியம்மாவின் நாள் கூலியை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் அதைவிடக் குறைவு.) 'இடுப்பு வலி' என்று எழுதியதால் நாளைக்கு 350 வீதம் 91 நாளுக்கு 31,850 ரூபாய். அத்தோடு முடிந்தது. 'வேலையில் அடிபட்டது' என்று எழுதியிருந்தால் நாளைக்கு 450, குணமாகும் வரை. அதன் பிறகு அதே 30 விழுக்காட்டையே இழப்பாகக் குறித்திருந்தாலும் நாளைக்கு 135, மாதத்துக்கு 4,050 ரூபாய், சாகும்வரை.

ஒரே முதுகு. ஒரே 30. ஓர் இடத்தில் அது வாழ்நாள் வருமானம், இன்னோர் இடத்தில் சுழியம்.

91 நாள் முடிந்து 92ஆம் நாள் பெரியம்மா வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்வார்? குனிய முடியவில்லை. இரண்டு நாள் பெருக்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் மஸ்டரில் பெயர் இல்லை. யாரும் வேலைநீக்கக் கடிதம் தரவில்லை, யாரும் திட்டவும் இல்லை. பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இ.எஸ்.ஐ.யில் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி என்று ஒன்று உண்டு. காசநோய், தொழுநோய், புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களின் பட்டியல் அது. கூலியில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். முதுகெலும்பு டிஸ்க் விலகல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. படிப்பகத்தில் உட்கார்ந்து அதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது, அத்தனை மகிழ்ச்சி. அடுத்த வரியில் போய்விட்டது. இரண்டு ஆண்டுத் தொடர்ச்சியான வேலை காட்ட வேண்டும். பெரியம்மாவுக்குப் பதினேழு ஆண்டு இருக்கிறதே என்கிறீர்களா? ஒப்பந்த நிறுவனம் மூன்று முறை மாறிவிட்டது. ஒருவருக்கு ஒரே காப்பீட்டு எண்தான் இருக்க வேண்டும். ஆனால் புதிதாக வந்த நிறுவனம் பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டிருக்கிறது. ஏட்டின்படி அவர் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம். அதே தெரு, அதே துடைப்பம், அதே மேஸ்திரி. மாறியது ரசீதில் இருக்கும் கம்பெனி பெயர் மட்டும்.

அதே நகராட்சியில் நிரந்தரப் பணியாளர் ஒருவர் இதே தொட்டியைத் தூக்கி இதே போல் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20, உட்பிரிவு 4. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. அந்த வேலை முடியவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். வேறு வேலையும் இல்லை என்றால் கூடுதலாக ஒரு பணியிடம் உருவாக்கி ஓய்வு வயது வரை வைத்திருக்க வேண்டும். எவ்வளவு நல்ல சட்டம் பாருங்கள். ஒப்பந்தமுறை வந்ததும் அதன் வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்கள். தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை நாம் கூலிக் குறைப்பாக மட்டும் பேசுகிறோம். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தபோதும் ஊடகங்கள் கூலிக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தன. தனியார்மயத்தில் பறிபோவது கூலி மட்டுமல்ல, உடைந்துபோகும் நாளுக்கான காப்பும்தான்.

தொழிலாளி என்ற தகுதி போனபின் மிச்சமிருப்பது ஏழை என்ற தகுதி. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து 1,500 ரூபாய். அதற்குத்தான் 40 விழுக்காடு. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி திட்டத்தில் 80 விழுக்காடு வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். பதினேழு ஆண்டு உழைப்புக்கு இந்த மனுவில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. எப்படி முதுகு போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. மார்க்கெட் வாசல் தொட்டி இந்தக் கதையிலிருந்தே காணாமல் போய்விட்டது. அது இருக்கும் வரை அவர் கேட்பது இழப்பீடு. அது போனபின் அவர் கேட்பது தர்மம்.

இப்போது அந்த எழுபதுக்கு வருகிறேன். கை, கால், முதுகு எவ்வளவு அசைகிறது என்பதை அளந்து வரும் எண் அது. அசைவைப் பொறுத்தவரை மருத்துவர்கள் நேர்மையாகவே அளந்திருக்கலாம். ஆனால் 30 போனால் 70 மிச்சம் என்பது, அந்த எழுபதை விற்க ஒரு சந்தை இருப்பவர்களுக்கு. இதே டிஸ்க் விலகலோடு வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் நாற்காலிக்கு ஒரு திண்டு வாங்கிக்கொண்டு ஓய்வு பெறும் வரை ஓட்டிவிடுவார். பெரியம்மாவுக்கு மருத்துவர் சொன்னது, "கனம் தூக்காதீங்க, குனியாதீங்க." கனம் தூக்குவதையும் குனிவதையும் தவிர வேறு எந்த வேலையை இந்த ஊர் எங்களுக்கு விட்டுவைத்திருக்கிறது? உட்கார்ந்து சமைக்கலாம், பெரியம்மா நன்றாகச் சமைப்பார். 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணை, அவர் சமைத்தால் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அரசு வேலைக்கே அந்த நிலை. இட்லிக் கடை போட்டால் எந்தத் தெருவிலிருந்து வந்து சாப்பிடுவார்கள்?

ஒன்றிய அரசு 'நமஸ்தே' திட்டத்துக்காகக் கணக்கெடுத்த சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரின் விவரம் 2024இல் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். வேலைக்குள் தள்ளும்போது சாதி பார்க்கப்படுகிறது. அந்த வேலை உடைத்த உடம்பை அளக்கும்போது மட்டும் எல்லாரும் சமமான எலும்புக்கூடுகள்.

ஒரு வரலாற்றுச் செய்தி. தொழிலாளர்களுக்கான இந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்க பேராசிரியர் அதர்கர் 1943இல் நியமிக்கப்பட்டார். 1944இல் அறிக்கை கொடுத்தார். அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அங்கிருந்துதான் 1948ஆம் ஆண்டுச் சட்டம் வளர்ந்தது. எங்கள் படிப்பகத்தில் அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் இந்த மனுக்களை எழுதிக் கொடுக்கிறேன். அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்ததை அதே மேசையில் ஓய்வு பெற்ற தொழிற்சங்கத் தோழர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன் என்பதில் எனக்கு வெட்கம் உண்டு. பிரிவு 51ஏ. வேலை நேரத்தில் விபத்து நடந்தால், மாறான சான்று இல்லாதவரை, அது வேலையால் வந்த விபத்து என்றே கொள்ள வேண்டும்.

வெட்கம் எனக்கு மட்டும் உரியதில்லை என்றும் நினைக்கிறேன். சாக்கடைக்குள் ஒருவர் இறந்தால் நாம் ஓடுகிறோம். மறியல் செய்கிறோம், உடலை வாங்க மறுக்கிறோம். செய்யத்தான் வேண்டும். அப்படிப் போராடியும் வழக்காடியும்தான் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் என்றது. அதே தீர்ப்பு, நிரந்தரமாக முடங்கிப்போனவர்களுக்குக் குறைந்தது 20 லட்சம், மற்றப் பாதிப்புகளுக்குக் குறைந்தது 10 லட்சம் என்றும் சொல்கிறது. அந்த 30 லட்சத்தை நம் சுவரொட்டிகளில் பார்த்திருக்கிறேன். பின்னால் வரும் இரண்டு தொகைகளை எந்தச் சுவரொட்டியிலும் பார்த்ததில்லை. அதுவும் சாக்கடைக்கு மட்டும்தான். தெருவில் தொட்டி தூக்கி முதுகு போனவருக்கு அதுகூட இல்லை. மெதுவாக உடைபவர்களுக்காக முழக்கம் எழுதுவது கடினம், ஒத்துக்கொள்கிறேன். 'இடுப்பு வலி'யைச் சுவரொட்டியில் போட்டால் யார் நிற்பார்கள்?

ஆனால் செய்ய வேண்டியது பெரும்பாலும் அந்த முதல் நாளில்தான் இருக்கிறது, அதற்குக் கூட்டம் தேவையில்லை. படித்த பிள்ளை ஒருவர் போதும். அடிபட்டது வேலையில் என்றால் மருத்துவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லி எழுத வைக்க வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, கூட இருந்தது யார் என்று ஒரு தாளில் எழுதி மேஸ்திரிக்கும் நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகராட்சிக்கும் ஒரு நகல் போகட்டும். அன்றைய மஸ்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நிறுவனம் மாறும்போதெல்லாம் பழைய காப்பீட்டு எண்ணையே தொடரச் சொல்லி எழுதிக் கேளுங்கள். விடுதியிலிருந்து ஊருக்கு வரும்போது உங்கள் அம்மாவின் இ.எஸ்.ஐ. அட்டையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது தனி. தூய்மைப் பணியில் சில ஆண்டுகள் இருந்தவருக்கு வரும் முதுகு, மூட்டு, நுரையீரல் பாதிப்பை வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை வேலை கொடுத்தவர் தலையில் இருக்கட்டும். 91 நாள் முடிவதற்குள் மருத்துவக் குழு தானாக அழைக்க வேண்டும், முடிவு வரும் வரை பணம் நிற்கக் கூடாது. பிரிவு 20இன் பாதுகாப்பு ஒப்பந்தப் பணியாளருக்கும் நீள வேண்டும், பொறுப்பு நகராட்சிக்கு. இதில் எதுவும் ஆகாயத்துக் கோரிக்கை இல்லை. நிரந்தரப் பணியாளருக்கு இருப்பதில் ஒரு பகுதி.

பெரியம்மாவுக்குப் பணியிடக் காயம் என்று பின்னால் கொடுத்த மனு ஏற்கப்படவில்லை. விபத்து அறிக்கை இல்லை, சீட்டில் 'இடுப்பு வலி' என்று இருக்கிறது. மூன்று ஆண்டுக் கெடு முடிவதற்குள், 2025 கடைசியில், இ.எஸ்.ஐ. நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். அன்று தொட்டியைப் பிடித்த மற்ற இருவரில் ஒருவர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார். அவரால் சாட்சி சொல்ல முடியாது, நாங்களும் கேட்கவில்லை. இன்னொரு அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். சென்ற தீபாவளிக்குப் பிறகு அவரும் வேலைக்குப் போவதில்லை. இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறார், அவர் சீட்டிலும் 'இடுப்பு வலி' என்றுதான் எழுதியிருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் கூட்டிப் போக வேண்டும்.