திரையை வரவைப்பது யார் பொறுப்பு?

கருத்தரங்க அறையில் புரொஜெக்டரில் படம் வராவிட்டால் எல்லார் பார்வையும் பேச வந்தவர் பக்கம்தான் திரும்புகிறது. "உங்க லேப்டாப்லதான் ஏதோ கோளாறு மேடம்" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் சொல்லிவிடுவார். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் ஒலி, ஒளிக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளன் நான். இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலும் குறை அரங்கில்தான் இருக்கிறது. அழைத்தவர்கள் முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டிய வேலை அது.

நம் பக்கத்துப் பழைய அரங்குகள் பலவற்றில் சுவருக்குள் குழாய் பதித்து, மேலே தொங்கும் புரொஜெக்டர் வரை இழுத்திருப்பது விஜிஏ கேபிள். ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த, 15 ஊசிகள் உள்ள முனை. 2015-க்குள் இதைக் கைவிடப் போவதாக இன்டெல்லும் ஏஎம்டியும் 2010-லேயே அறிவித்துவிட்டன. பிறகு லேப்டாப்களில் எச்டிஎம்ஐ நிலைத்தது. இப்போது மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் யுஎஸ்பி-சி மட்டும்தான். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா யுஎஸ்பி-சி துளையிலும் படம் வெளியே வராது. சிலவற்றில் சார்ஜ் ஏற்றலாம், கோப்பு மாற்றலாம், அவ்வளவுதான். பேச வருகிறவர் இதையெல்லாம் படித்துவிட்டு வரவேண்டும் என்பது என்ன நியாயம்? சுவரை உடைக்கச் சொல்லவில்லை. வேண்டிய கன்வர்ட்டர்களை வாங்கி, மேடை மேசையிலேயே கேபிளோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். அலுவலக பீரோவில் பூட்டிவைத்தால், சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கும் நாளில் அது இருந்தும் பயனில்லை.

"பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க, இங்க இருக்கிற சிஸ்டத்துலயே ஓட்டிக்கலாம்" என்பார்கள். தமிழ்த்துறை மாணவர்களிடம் இதைச் சொல்லவே கூடாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். யூனிகோடுக்கு மாறுங்கள் என்று நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் பழைய கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டும்போது பழைய எழுத்துருவும் கூடவே வந்துவிடுகிறது. அவரவர் லேப்டாப்பையே இணைக்க முடிந்தால்தான் தமிழ் தமிழாகத் தெரியும்.

விஜிஏ கேபிளில் படம் மட்டுமே போகும், ஒலி போகாது. வில்லுப்பாட்டுக் கலைஞர்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பதிவு செய்து வந்த மாணவர் ஒருவர், வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் அந்த வீடியோவை ஓட்டினார். திரையில் வில்லின் மணிகள் குலுங்கின, உடுக்கில் கை விழுந்தது, அறையில் சத்தமே இல்லை. "அண்ணா, சவுண்டு வரலண்ணா" என்று அவர் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் என் மனதில் இருக்கிறது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர் போட்டிருந்தால் அந்தப் பாட்டு அறை முழுக்கக் கேட்டிருக்கும். அந்த வயரை அன்று வேறு அறைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். எச்டிஎம்ஐ கேபிளில் ஒலியும் சேர்ந்தே போகும். ஆனால் பல அரங்குகளில் அது புரொஜெக்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரோடு நின்றுவிடுகிறது, கடைசி வரிசைக்கு எட்டாது. ஆகவே அங்கும் அந்த வயர் வேண்டும்.

பெயர் பெற்ற பேச்சாளர்கள் படம் இல்லாமலும் ஒரு மணி நேரம் பேசிவிடுவார்கள். தோழியின் லேப்டாப்பை இரவல் வாங்கி வரும் மாணவியால் அது முடியாது. அந்தக் கருவியே அவருக்குப் புதிது. விண்டோஸ் விசையோடு 'பி' எழுத்தைச் சேர்த்து அழுத்தி 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலும் படம் வந்துவிடும். 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்த வசதி இது. கை நடுங்கும் நேரத்தில் அது எப்படி நினைவுக்கு வரும்? "சரிம்மா, வாயாலேயே சொல்லு" என்கிறார் தேர்வாளர். வரைபடங்களிலும் அட்டவணைகளிலும் இருக்கும் மாதக்கணக்கான உழைப்பை வாயால் எப்படிச் சொல்வது? அதற்குள் அவருக்குக் கொடுத்த நேரத்தில் பாதியும் போயிருக்கும்.

அரங்கில் எந்தெந்த முனை இருக்கிறது என்று அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். வைவாவுக்கு முந்தைய நாள் மாலை அறையைத் திறந்துவைத்து, மாணவர்கள் அவரவர் லேப்டாப்பை இணைத்துப் பார்க்க விடுங்கள். நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் பெயர் போடுவதுபோல இந்த வேலைக்கும் ஒருவர் பெயரைப் போடுங்கள். முடியும்வரை அவர் அறையைவிட்டு நகரக் கூடாது. இணைப்புக்காகப் போன நிமிடங்களை மாணவரின் கணக்கில் கழிக்கக் கூடாது. திரையில் படம் வந்த பிறகே அவருடைய நேரம் தொடங்க வேண்டும் என்பதைத் தேர்வாளர்களுக்குக் கொடுக்கும் குறிப்பில் எழுத்தாகவே சேர்க்க வேண்டும்.